நாற்பத்தொரு சேணங்கள்

அந்துப்பூச்சி வெல்வெட்டைத் தின்னாது. பலருக்கு இது தெரிவதில்லை. வெல்வெட்டுக்கு அடியில் அடைத்திருக்கும் கம்பளியைத்தான் தின்னும். மேலே பார்த்தால் சேணம் புதிதுபோலவே இருக்கும். கையை வைத்தால் அமுங்கிப் போகும். இருபது வருடமாக அந்த அறை என் பொறுப்பில் இருந்ததால் சொல்கிறேன்.

தேநீருக்கு நன்றி, விசாரணை அதிகாரி அவர்களே. சர்க்கரை வேண்டாம்.

என் பெயர் கபிதோலினா அர்செனியெவ்னா. வயது ஐம்பத்தெட்டு. கோட்டைக்குள் இருக்கும் எங்கள் ஆயுதசாலையில் சேண அறையின் காப்பாளர். ஒரு காலத்தில் ஜார்களுக்கு வாளும் துப்பாக்கியும் செய்த கட்டடம் அது; இப்போது அவர்கள் விட்டுப்போன மகுடமும் வண்டியும் குதிரைச் சேணமும் மக்களுக்குச் சொந்தமாகி அங்கே இருக்கின்றன. பாரசீக ஷா அனுப்பியது, துருக்கி சுல்தான் அனுப்பியது எல்லாம் சேர்த்து என் அறையில் நாற்பத்தொன்று.

முத்திரை பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் அறையைப் பூட்டுவதோடு விடுவதில்லை. கதவின் குறுக்கே நூல் கட்டி, அதன் நுனியில் களிமண் வைத்து, அவரவர் முத்திரையை அழுத்துவோம். அந்துப்பூச்சியைக் கொல்ல விஷ மருந்துப் புகை போடும் நாட்களில் மூன்று முத்திரை: என்னுடையது, தலைமைக் காப்பாளர் வலேரியன் இக்னாத்தியெவிச்சுடையது, காவல் அதிகாரியுடையது. மூவரும் கூடி நின்று, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உடைக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த அறையை வைத்திருந்த அம்மாளை 1938-இல் ரகசிய போலீசார் அழைத்துப் போனார்கள். நூல் அறுந்திருந்தது. எலி கடித்த நூல் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் திரும்பி வரவில்லை. அதே வாரம் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

ரிம்மா வந்து மூன்று வருடம் ஆகிறது. துணி செப்பனிடுகிறவள், நல்ல கை. வாய்தான் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும், "ஜார் போய் நாப்பது வருஷம் ஆச்சு. அவரு குதிரைக்கு மட்டும் இன்னும் மந்திரி இருக்காங்க, பாருங்க" என்று என்னைக் காட்டினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேர் சிரித்தார்கள்.

மே தினத்துக்கு முந்திய நாள் மருந்து போடுவதாக முடிவாகியிருந்தது. அணிவகுப்புக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள், இரண்டு நாள் யாரும் வர மாட்டார்கள். காலையில் ரிம்மா என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தப் பச்சைச் சேண விரிப்ப மட்டும் வெளிய எடுத்துருவோம். புகை பட்டா வெள்ளி இழை கறுத்துடும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் வராது."

"பட்டியல்ல எழுதியாச்சு. கையெழுத்தும் ஆயிடுச்சு."

"பட்டியலா கறுக்கப் போவுது?"

"நீ உன் வேலையப் பாரு."

மதியம் இரண்டு மணிக்கு மூவரும் முத்திரை வைத்தோம். உள்ளே ஆளில்லை என்ற வரிக்கு நேராக நான் கையெழுத்திட்டேன். காலையில் உள்ளே பார்த்திருந்தேன். வலேரியன் இக்னாத்தியெவிச்சுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காவல் அதிகாரி வாசலுக்குப் போய்விட்டார். மருந்து போடும் புரோகோர் குழாயைத் திறக்கும்போது, "எலிகூட உள்ள இல்லையே அக்கா? அப்புறம் என்னையத் திட்டக் கூடாது" என்று சிரித்தான். பெரிய வாயு உருளை, மெதுவாகத்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டு அவனும் கிளம்பினான்.

நாங்கள் உள்ளே கம்பளிச் செருப்புதான் போடுவோம், தரை கீறாமல் இருக்க. வெளியே போகும்போது மாற்றிக்கொள்ள நான் விசுப்பலகைக்கு வந்தேன். என் காலணிக்குப் பக்கத்தில் ரிம்மாவின் காலணி இருந்தது. மேலே கொக்கியில் அவளுடைய மேலங்கி.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் போனேன். பச்சை விரிப்பை எடுக்க உணவு இடைவேளையில் நுழைந்திருக்கிறாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் சூப் குடிக்கப் போயிருந்தேன். பின் அடுக்குகளுக்கு நடுவில் நின்றவளுக்கு, நாங்கள் பூட்டியதே கேட்கவில்லை.

"அக்கா, நீங்கதான? செருப்புத் தேய்க்கிற சத்தத்துலயே தெரியுது. திறங்கக்கா. என்னைய எவ்ளோ வேணா திட்டுங்க, ஆனா முதல்ல திறங்க."

என்னால் திறக்க முடியாது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என் முத்திரையை நான் உடைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டை உடைக்க எனக்கு என்ன உரிமை? தொலைபேசி மாடியில் இருந்தது. ஆள் இல்லாமல் முத்திரையை விட்டுப் போகக் கூடாது. குழாயின் திருகு என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது, ஆனால் அது புரோகோரின் பொறுப்பு. நான் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. கையும் காலும் ஓடவில்லை என்பார்களே, அந்த நிலைமைதான். பிறகு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் தட்டுவது நின்றது.

காலணியைத் தாழ்வாரத்தில் விட்டுப்போவது விடுமுறை நாட்களில் அனுமதி இல்லை. அதனால் எடுத்து என் பையில் வைத்தேன். மேலங்கியையும் மடித்து வைத்தேன். அதன் பையில் அவளுடைய பித்தளை வில்லை இருந்தது. வெளியே போகும்போது வாசலில் ஒப்படைக்க வேண்டிய வில்லை. என் வில்லையையும் அவளுடையதையும் சேர்த்தே கொடுத்தேன். காவலர், "ரிம்மா எங்க, இன்னும் வரலையா?" என்றார். "அவ அப்பவே ஓடிட்டா. எல்லாத்துக்கும் அவசரம், வில்லையக்கூட என் தலையில கட்டிட்டா" என்றேன். அவரும் சிரித்தார். டிராமில் ஒரு ராணுவ வீரர் எழுந்து இடம் கொடுத்தார்.

மூன்றாம் தேதி முறைப்படி மூவரும் கூடி உடைத்தோம். முத்திரைகள் மூன்றும் பழுதில்லாமல் இருந்தன. அது உங்கள் காகிதத்திலும் இருக்கும். கதவைத் தள்ள வலேரியன் இக்னாத்தியெவிச்சுக்குச் சிரமமாக இருந்தது, அவள் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சை விரிப்பைத் தான் போட்டிருந்த மேலாடையைக் கழற்றிச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதன் வெள்ளி இழை கறுக்கவே இல்லை. அவள் சொன்னது தவறு என்று நினைத்தேன். பிறகுதான், மேலாடை காப்பாற்றியிருக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் காலையிலிருந்து ஒன்றையே கேட்கிறீர்கள். கதவின் உள்பக்கம் புதிதாக ஒரு வெட்டு இருக்கிறது. ஒன்றுதான். அந்த அறைச் சுவரில் பழைய காவல்படையின் கோடரிகள் பன்னிரண்டு மாட்டியிருக்கின்றன. திடமான பெண், முப்பத்து நாலு வயது. பத்து வெட்டில் வெளியே வந்திருப்பாள். ஏன் ஒன்றோடு நிறுத்தினாள் என்று கேட்கிறீர்கள்.

நான் நிறுத்தச் சொன்னேன்.

"அக்கா, மூச்சு முட்டுது. நான் கோடரிய எடுத்துட்டேன்" என்றாள். ஒரு வெட்டு விழுந்தது. இருநூறு வருடக் கதவு. நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன்: "ரிம்மா, வேணாம். தலைமைக் காப்பாளர் வந்துட்டார். படி இறங்கிட்டிருக்கார். நீயே இதை உடைப்பியா? ஒரு நிமிஷம் பொறு."

"நெஜமாவா அக்கா?"

"நெஜமாத்தான்."

"சரிக்கா," என்றாள். கோடரியைத் திரும்பச் சுவரில் மாட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நிலைமையிலும் அதற்குரிய எண்ணைப் பார்த்து மாட்டியிருக்கிறாள். படிக்கட்டில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை, "வந்துட்டாரா அக்கா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் "வந்துட்டார்" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் கொன்றேன். ஆனால் கதவில் இருக்கும் அந்த வெட்டை மட்டும் என் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைச் செய்தது அவள்.