காலால் தேட வேண்டிய பெட்டி

சேற்றில் வெறுங்காலோடு நடப்பது உடம்புக்கு நல்லது ஐயா. இதை நான் சொல்லவில்லை, புதுச்சேரியிலிருந்து வந்தவர்களே சொன்னார்கள். அங்கே எங்கேயோ காசு கொடுத்து மண்குளியல் எடுக்கிறார்களாம். என் உப்பளத்தில் இலவசம்.

நீங்கள் கேள்வி கேட்டுக் களைத்துப்போக வேண்டாம், நானே ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். பெயர் சிவஞானம். மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கோபக்காரன் என்று ஒருவர் சொல்லமாட்டார். வேலையாட்களைக்கூட நான் அதட்டியது கிடையாது. அதட்டினால் வேலை முறுக்கிக்கொள்ளும், சிரிக்கச் சிரிக்கப் பேசினால் தன்னால் நடக்கும்.

போன மழை என்ன ஆட்டம் ஆடியது என்று உங்களுக்கே தெரியும். என் களம் முழுக்கச் சேறு. மழை விட்டதும் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்திகளை மிதிக்க வேண்டும். மிதிக்காத பாத்தியில் உப்பு விளையாது. விட்ட தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும், தப்பித் தவறி விளைவதும் சேறு கலந்து கறுத்துப் போகும். அதனால் பெண்கள் வரிசையாகக் கை கோத்து நின்று, குதிகாலை அழுத்தி அழுத்தி, அடிமேல் அடி வைத்து நகர்ந்து மிதிப்பார்கள். நாள் கணக்கில் மிதித்தால்தான் தரை இறுகும். இதற்கு மெஷின் கிடையாது. மனிதக் கால்தான்.

இந்த வருஷம் கால்களுக்குப் பஞ்சம். சுனாமிக்குப் பிறகு அனுமந்தைப் பக்கம் வீடு கட்டுகிறார்கள் அல்லவா, என் ஆட்கள் அத்தனை பேரும் சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, அவரவர் பிழைப்பு. மலர்கொடி ஒருத்திதான் மிச்சம். என் களத்தில் வெகுகாலமாக வேலை செய்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

“மொதலாளி, நான் ஒருத்தியா இத்தனையும் மிதிச்சி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும். இன்னும் ஆளப் புடிங்க” என்றாள்.

எங்கே போய்ப் பிடிப்பது? அந்தச் சமயத்தில்தான் ஜெயப்ரியா டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தங்கமான பொண்ணு. பழைய கட்டடங்கள் என்றால் உயிர். புதுச்சேரியில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘முத்திரை வேட்டை’ என்று ஒன்று நடத்துகிறார். பழங்காலத்து இடங்களில் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்கள். டப்பாவுக்குள் அந்த இடத்துக்கென்றே செய்த ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். விடுகதை மாதிரி ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, டப்பாவைக் கண்டுபிடித்து, தங்கள் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு, மறுபடி அங்கேயே ஒளித்துவிட்டுப் போக வேண்டும். ஆலம்பரைக் கோட்டையில் ஒன்று, பிரம்மதேசம் கோயிலில் ஒன்று, புதுச்சேரித் தெருக்களில் பல. எல்லா இடத்து முத்திரையும் விழுந்தால் அட்டை பூர்த்தி. பரிசு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அதற்காகவா இவ்வளவு அலைகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

என் களத்து ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்து உப்புக் காவல் கொட்டகைச் சுவர் ஒன்று இடிந்து கிடக்கிறது. கடைசி டப்பாவை அங்கே வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன், பாத்திக்குள் இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். அது எங்கள் வழக்கம். செருப்புக் கால் பட்டால் தரை குழி விழும்.

பொங்கலுக்கு முந்தி ஒரு பிஸ்கட் டப்பாவில் ஸ்டாம்பைப் போட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். புகாரில் ‘திருட்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் ஐயா. நாய் நரி இழுத்துப் போய்விடுமே என்று பத்திரப்படுத்தினேன். அவ்வளவுதான் முதலில் என் மனசில் இருந்தது.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. கூட்டமாக வந்தார்கள், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்துக்கொண்டு. கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் பிரியாணி கட்டிக்கொண்டே வந்திருந்தது. சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், டப்பா இல்லை. டீச்சர் முகம் வாடிப்போயிற்று. நடுவில் பெய்த ஒரு தூறலைச் சாக்காக வைத்து, “தண்ணி அடிச்சினு போயிருக்கும்மா. எங்க போவப் போவுது, இந்தப் பாத்தியிலதான் பொதஞ்சிருக்கும்” என்றேன்.

உடனே ஒருவர் மண்வெட்டி கேட்டார். “ஐயய்யோ, தோண்டிடாதீங்க சார். களத்துல எது தொலைஞ்சாலும் நாங்க காலாலதான் தேடுவோம்” என்றேன். இது பொய் இல்லை. எங்கள் பெண்களின் கால் மெட்டி விழுந்தால் அப்படித்தான் தேடுவார்கள், வரிசையாக நின்று, பாதத்தால் துழாவி. அதே முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கை கோத்துக்கொள்ளுங்கள், குதிகாலை நன்றாக அழுத்துங்கள், ஒரு இடம் விடாதீர்கள்.

அடடா, அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேங்க் மேனேஜரும் பல் டாக்டரும் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு கை கோத்து வருகிறார்கள். ஒருவர் வழுக்கினால் வரிசையே உட்காருகிறது. ஒரே சிரிப்பு, ஒரே கூத்து. கோட்டக்குப்பத்து அம்மா ஒருவர், “யா அல்லா, என் இடுப்பு” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்று வந்தார். மாலையில் இரண்டு பாத்தி கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மலர்கொடி வரப்பில் நின்று என்னையே பார்த்தாள்.

“டப்பா எங்க மொதலாளி?” என்றாள்.

“தேடிக்கினு இருக்காங்களே, பாக்கல?” என்றேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஓடிய திசையை யோசித்து, இன்னும் மிதிபடாத பாத்தியைக் காட்டினேன். போகும்போது எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு கூட்டம் மெல்லக் குறைந்தது. மனிதர்களுக்கு வேறு வேலை இருக்கும் அல்லவா. டீச்சர் புது டப்பா ஒன்று செய்து வைத்துவிடலாமா என்று யோசித்தார். பொறுங்கள் அம்மா, கிடைக்காமல் எங்கே போகும் என்று தடுத்தேன். மேற்கு மூலையில் கொஞ்சம் மீதி இருந்தது.

விடாமல் வந்தவர் தட்சணாமூர்த்தி சார் ஒருவர்தான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு என்று இல்லை, எல்லா நாளும் காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். அவரும் அவர் வீட்டம்மா விஜயலட்சுமியும் சேர்ந்துதான் இந்த வேட்டையை ஆரம்பித்தார்களாம். மற்ற முத்திரை எல்லாம் இருவரும் சேர்ந்து குத்தியவை. ஐப்பசியில் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன்னால், டீச்சர் இனி வைக்கப்போகிற கடைசி ஒன்றையும் மறக்காமல் குத்திவிடுங்கள் என்று சொன்னாராம்.

“அட்டையில ஒரே ஒரு கட்டம்தான் காலியா இருக்கு சிவஞானம். அது நெறையலன்னா எனக்குத் தூக்கம் வராதுப்பா” என்று என்னிடம் காட்டினார். அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

அவரை மாதிரி மிதிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அவசரம் கிடையாது, ஒரு சாண் இடம் விடமாட்டார். பெண்கள்கூட ஓரங்களில் ஏமாற்றுவார்கள், இவர் ஓரத்தையும் விட்டுவைக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் பேசுவது போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவார். நான் வரப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணைக்குப் பேச்சுக் கொடுப்பேன். நல்ல சிநேகிதம் உண்டாயிற்று.

ஒரு நாள் மலர்கொடி வேகமாக வந்தாள்.

“அந்தப் பெரியவரு காலப் பாத்தீங்களா? கிளிஞ்சல் வெட்டி பொளந்து கெடக்குது. ரத்தம் வர்து, அவருக்குத் தெரியவே இல்ல. உப்புத் தண்ணி பட்டா நமக்கே உயிர் போவும், அவரு பாட்டுக்கு நடக்கறாரு. போதும்னு சொல்லுங்க மொதலாளி.”

அலட்சியமாக இருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உடனே எழுந்து போய்க் கேட்டேன். “சார், கால் வலிக்குதுங்களா?” என்று. “இல்லையேப்பா, ஒண்ணுமே தெரியல” என்றார். வலிக்கவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லும்போது, வேண்டாம் என்று தடுக்க நான் யார்? அதுவும் ஒரு மனிதர் மனைவிக்காகச் செய்கிற காரியத்தை. மேற்கு மூலையை முடித்துக் கொடுத்தார்.

மறுவாரம் பஸ்ஸில் அவர் வரவில்லை. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டீச்சர் போன் செய்தார். காய்ச்சலாம், கால் கறுத்துவிட்டதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் பாத்தியில் தண்ணீர் விட்டிருந்தேன், முதல் உப்பு கண் திறந்திருந்தது, மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று. அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னால் அனுபவிக்க முடியவில்லை. யாரும் சொல்லாமல் நானாகவே டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

“சார், கெடைச்சிடுச்சி” என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே ஐயா. எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாம்பை மையில் ஒற்றி அந்தக் காலிக் கட்டத்தில் குத்தவைத்தேன். “விஜி, முடிஞ்சிடுச்சிடி” என்றார். பிறகு என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீ மனுஷன் இல்லப்பா, தெய்வம்” என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. நோயாளியிடம் வாதம் செய்யக் கூடாது.

அப்போதே இடது காலில் மூன்று விரல்களை எடுத்திருந்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முத்திரை குத்தும்போது டீச்சரும் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் வண்டி, மண்வெட்டி, பெட்டி, டப்பா எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம். என் சம்சாரம் திரௌபதி பக்தி மிகுந்தவள், பரணில் இருந்த இதற்கும் வைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

“சேத்துல பொதஞ்சி கெடந்த டப்பாவுக்கு யாருங்க பொட்டு வெச்சது?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நல்லவேளை, பெரியவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டிருந்தார்.

இதுதான் நடந்தது. டப்பா முதல் நாளிலிருந்தே என் பரணில்தான் இருந்தது. அது களத்தில் இல்லை என்று தெரிந்தேதான் தேடச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் திருத்த வேண்டும். எங்கள் ஊர் ராஜவேல் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பெரியவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது சிவஞானத்துக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். கேட்டதும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அப்படி எழுதினால், வீடு தேடி வந்த மனிதரை ஒரு வார்த்தை விசாரிக்காதவன் என்றல்லவா ஆகும்? எனக்கு எல்லாம் தெரியும் ஐயா. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். மலர்கொடியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அத்தனை நாளும் அவர் டீயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட நான் விட்டதில்லை.