நவமணிக்கு அண்ணன்

என் பெயர் வைரக்கண்ணு. தகப்பனார் சடையன், காலமாகிவிட்டார். வயது முப்பத்தைந்து இருக்கும். தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரத்தில் பால் வெட்டினேன். தற்சமயம் விலாசம் கிடையாது. பினாங்கு சூலியா தெருவில் ஒரு கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் படுக்கிறேன். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று இன்ஸ்பெக்டர் ஐயா எச்சரித்த பின் இதைச் சொல்கிறேன்.

ரப்பர் விலை விழுந்து, போன வருஷம் தோட்டத்தை மூடினார்கள். எங்கள் லயத்து வீடுகளில் இருந்த ஆட்களை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றினார்கள். எனக்கு அங்கே யாரும் இல்லாததால் கப்பலுக்குப் போகாமல் பட்டணத்தில் தங்கிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை. தெருவில் என்னிடம் பேசினவர்கள் "தள்ளிப் படு" என்பதற்கு மேல் பேசவில்லை. நான் வாயாடி. என் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றிப் போவார். அப்படிப்பட்டவன் பேச ஆளில்லாமல் செத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு காலில் புண் வந்து தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாக்காரர் வந்து, "நவமணிக்கு ஆளிருக்கா?" என்று கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "இருந்தா சொல்லுங்கலா, நர்ஸ் மிஸ்ஸி கேக்குறாங்க" என்றார். நான் எழுந்து, அண்ணன் என்று சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்னதாக எழுத வேண்டாம். ஒருவர் கேள்வி கேட்டு நான் பதில் சொல்லி வெகு நாளாகியிருந்தது, அதனால் சொன்னேன்.

பெண்கள் வார்டில் அவளைக் காட்டினார்கள். வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். துரை குடும்பம் சீமைக்குப் போனதும் வேலை போய், காய்ச்சலில் விழுந்திருக்கிறாள். என்னை அதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்து, "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றாள். ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு பார்க்க விடுகிற நாளெல்லாம் போனேன். சட்டை நாறுகிறது, துவைத்துப் போடு என்று அதிகாரம் செய்தாள். எனக்குக் கோபம் வந்து சண்டை போட்டேன். சந்தோஷமாக இருந்தது. ஒருநாள், நான் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "ஜுரம் எப்பவோ விட்டுருச்சு. கேட்டா நீங்க போயிருவீங்கன்னு கேக்கலை" என்றாள்.

அதன் பிறகு, வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டும், அண்ணன் கூட்டிப் போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணனுக்கு வீடு இல்லை என்பதை மறைத்தேன். நழுவிவிடலாம் என்று வாசல்வரை போனதும் உண்மை. ஜாகாக்காரர், "தங்கச்சிய விட்டுட்டு எங்க போறே?" என்று மறித்தார். திரும்பிப் போய் அவளைக் கைத்தாங்கலாக ஐந்தடிக்கே கூட்டி வந்து, சுவர் ஓரத்தை அவளுக்கு விட்டேன். கடைக்காரர் காஜா மொய்தீன் அண்ணன், "குடும்பத்தோட இங்க இருந்தா போலீஸ் என்னைத்தான் கேக்கும் தம்பி" என்றார். சொன்னபடியே போலீஸ் வந்து, தெருவில் படுப்பவர்கள் என்று எங்கள் இருவரையும் பிடித்தது.

அண்ணன் தங்கை என்றால் ஒரே நாகப்பட்டினம் கப்பலில் சேர்த்து அனுப்புவதாகவும், இல்லாவிட்டால் அவளைப் பெண்கள் விடுதிக்கும் என்னைத் தனியாகக் கப்பலுக்கும் அனுப்புவதாகவும் ஐயா சொன்னீர்கள். தண்டனைக்குப் பயந்து நடந்ததை நடந்தபடி இதுவரை சொன்னேன்.

இப்போது மொழிபெயர்ப்பாளர் ஜபருல்லா அடுத்த அறையிலிருந்து வந்து, நவமணி தன் வாக்குமூலத்தில், "அவரு என் கூடப்பிறந்த அண்ணன், எங்க ரெண்டு பேருக்கும் ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம்" என்று சத்தியம் செய்து கைநாட்டு வைத்துவிட்டதாகச் சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய், பொய் சொன்னவருக்கு ஜெயில் என்று ஐயா சொல்கிறீர்கள்.

ஆகையால் மேலே நான் சொன்னது முழுவதும் பொய். நவமணி சொன்னதே உண்மை. என் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இதைப் படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு வைத்த கைநாட்டு:

வைரக்கண்ணு, நவமணியின் அண்ணன்.