தாராபுரத்தோடு நின்ற நடை

“அலோ... அலோ! ஆரு? வசந்தாமணியா? நெசமா நீதானா?... சரி, உங்கம்மா பேரென்ன, சொல்லு... சிரிக்காத, சொல்லு... ஆமா, ஆமா, பாப்பாயி. சரி, இப்பப் பேசு.”

தபால்காரனிலிருந்து டெலிபோன்காரன் வரை ஒருவரையும் நம்பாதவர் நாச்சிமுத்து. கனடாவில் இருக்கும் மகள், ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவதாக எழுதியிருந்தாள். அதனால் ஆறு மணிக்கே காளியண்ணனின் ரைஸ்மில்லுக்கு வந்து போனுக்குக் காவல் இருந்தார். நெல் அரைக்கும் மிஷின் காதடைக்க இரைந்துகொண்டிருந்தது. மகளோடு பேசத் தன் முறை வரட்டும் என்று, பாப்பாயி வாசலில் நெல்மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

“அங்க இன்னும் சனிக்கெழமையா? போ, ஆருகிட்டக் கதை உடறே... சரி சரி, இருந்துட்டுப் போவுது. நாளைக்குக் காலைல ஓடறது நெசந்தானா?... இருபத்தாறு மைலா! திருச்செங்கோட்டுல இருந்து சேலமே வந்துருமே! ஆரு தொரத்தறா உன்னைய?... ஆரும் தொரத்தலையா. அப்பறம் எதுக்கு ஓடறே?... ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் பனிமலை... ஆமா, ஆமா, அழகாத்தான் இருக்கும். அதை ஒக்காந்து பாக்கோணும். மூச்சு எரைக்க ஓடிக்கிட்டு என்னத்தைப் பாப்பே?... மாப்பிள்ளையும் ஓடறாரா?... பையனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறாரா. அவருக்காச்சும் புத்தியிருக்குது.”

“பையனுக்குக் காய்ச்சல் நின்னுச்சா?... மறுக்காவுமா? தையில புடிச்சது, சித்திரையாச்சு...”

நாச்சிமுத்து ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். போன வருடம் பிரசவத்தில் மகள் உயிருக்குப் போராடியபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டவர் அவர். தையில் போய்வந்தும் விட்டார். ஊரே மெச்சியது. ஆனால் அந்த நடையில் ஒரு கோணல் இருந்தது. அது அவருக்கும் பழனியாண்டவனுக்கும் மட்டுமே தெரியும்.

“அம்முணி, ஒண்ணு சொல்லோணும்... ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, கேளு. நீ எப்படியும் வெட்டியாத்தான ஓடப்போறே?... கோவிச்சுக்காத. அதைப் பழனியாண்டவன் பேரைச் சொல்லி ஓடு... ஏன்னு சொல்றேன், இரு. ராத்திரிக்கு என்ன தின்னே?... மாவுல நூலாட்டவா? சந்தகைனு சொல்லு! மேல கறி போட்டாங்களா?... வெறும் தக்காளிதானா. அது போதும். செருப்பில்லாம ஓட முடியுமா?... காலு கிழிஞ்சுருமா. சரி, போட்டுக்க. குளிரு நாடுனு சாமிக்கும் தெரியும்.”

“ஏன்னா... மொதல்ல நீ ஆருகிட்டயும் சொல்லக்கூடாது. உங்கம்மாகிட்டச் சொல்லவே கூடாது...”

சுற்றிலும் பார்த்தார். காளியண்ணன் மிஷினுக்கு அந்தப் பக்கம் தவிடு அள்ளிக்கொண்டிருந்தார். நெல் கொண்டுவந்தவர்கள் வெளியே திண்ணையில் காத்திருந்தார்கள். பாப்பாயி தெருவைப் பார்த்திருந்தாள். இந்த இரைச்சலில் எவனுக்குக் கேட்கப்போகிறது?

“தாராபுரத்தோட எனக்கு முழங்கால் போயிருச்சு... முழங்காலு!... நீங்க முன்னால போங்க, நான் சித்தெ பொறுத்து வாரேன்னு கூட வந்தவங்களை அனுப்பிப்போட்டேன்... ஆமா... அப்பப் பாத்து லாரி ஒண்ணு வந்துச்சு... லாரி! இதென்ன, கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்பல... அலோ! நல்லாக் கேட்டுக்க! நான் பழனிக்குப் போனது பஞ்சு லாரீல!”

‘பழனி’ என்று அவர் வாயெடுத்தபோது கரண்ட் போனது. மிஷின் நின்றது. ‘பஞ்சு லாரீல’ என்பது மட்டும் தகரக் கூரையில் முட்டி, மில் முழுவதும் சுற்றி, வாசல் வழியாக வெளியே போனது.

வாசலில் நெல்மூட்டை சரசரத்தது. நாச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குரலை இறக்கினார்.

“சிரிக்காத அம்முணி... நான் அவங்களுக்கு முந்திப் போயி அடிவாரத்துல ஒக்காந்திருந்தனா, ஆண்டவனே எனக்குக் காலு குடுத்தாருனு அத்தனை பேரும் என்னையக் கும்புட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?... ஆமா, வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைல இருந்துதான் பையனுக்குக் காய்ச்சலு... டாக்டரு சளின்னு சொல்றாரா? டாக்டருக்கு லாரி வெசயம் தெரியுமா?”

“தாராபுரத்துல இருந்து பழனி இருபத்தோரு மைலு. அதை மட்டும் எனக்காக ஓடீரு அம்முணி. மிச்சம் அஞ்சு மைலை நீயே வெச்சுக்க... என்ன?... ஓடறியா? சாமி பேரைச் சொல்லியா?... மறுக்காச் சொல்லு... ஆமா... ஆமா, ஆமா.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினார். பாப்பாயி ஒரு முழ தூரத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தா, உங்கம்மா பேசறாளாம்... அலோ? அலோ!”

லைன் அறுந்துவிட்டது. கொர்ரென்ற சத்தம்தான் வந்தது. காளியண்ணன் தவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு பாப்பாயிக்குப் பின்னால் வந்து நின்றார். நெல் கொண்டுவந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பாப்பாயி நீட்டிய கையை மடக்குவதாக இல்லை.

நாச்சிமுத்து ரிசீவரைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“ஆமா அம்முணி... ஆமா, ஆமா... அவசரமே இல்ல, நீ சொல்லு... சொல்லிக்கிட்டே இரு...”