கண்ணாடி அலமாரிக்கு ஒரு கிரிவலம்

மலையை மறைத்துப் பந்தல் போட்டு, பந்தலில் என் பெயரையும் பெரிதாகப் போட்டு என்னை அழைத்திருக்கிற அருணை இருசக்கர ஊர்திக் கழகத்தின் அசைக்க முடியாத தலைவர் ஐயா அருணகிரி அவர்களே, அவர் தும்மினாலும் தீர்மானம் நிறைவேற்றுகிற செயலாளர் தம்பி வளவன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே, பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் வண்டியை விட்டு இறங்க மனமில்லாத இளஞ்சிங்கங்களே, எல்லோருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அன்புச்செல்வியின் வணக்கம்.

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரை எட்டுப் போட வைத்து உரிமம் கொடுத்தவள் நான். யார் யார் காலை ஊன்றினீர்கள் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தலைவரே, நீங்கள் ஏன் குனிகிறீர்கள்?

இன்று நான் திறந்துவைக்க வேண்டியது இதோ இந்த அலமாரி. தேக்கிலே சட்டம், தெளிந்த கண்ணாடி, சுற்றிலும் சீரியல் விளக்கு, சந்தனம், சாமந்தி மாலை. உள்ளே என்ன? நின்றுபோன ‘ஈருருளி முரசு’ மாத இதழின் பழைய பிரதிகள், முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை. பேகோபுரத் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஜியாவுல்லா, எடைக்கு வந்த கட்டுகளில் தேடித் தேடிப் பொறுக்கி, வண்டி ஓட்டுகிறவர்கள் படிக்கட்டும் என்று இந்தக் கழகத்துக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் படித்தார்களா? பிரித்தார்களா? புரட்டினார்களா? பூஜை போட்டார்கள்! சரஸ்வதி பூஜையன்று உள்ளே வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் எடுத்து நாலு வரி படிக்க வேண்டும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தீபம் போனது, திருவூடல் போனது, இவர்களுக்கு இன்னும் விஜயதசமி வரவில்லை.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற கதை இதோடு முடிந்தது.

அடி அண்ணாமலையில் எழில் என்று ஒரு பையன். விடியற்காலையில் தயிர்க் கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து ஆசிரமத்துப் பக்கத்து ஓட்டல்களுக்கெல்லாம் ஊற்றியவன். அவன் ஊற்றிய தயிரை நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். லாரி மோதியதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கியர் போடுகிற கால். மனைவி கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள், இவன் வீட்டிலே உட்கார்ந்திருக்கிறான். என்னிடம் வந்து கேட்டான்: “கியர கையில போடற மாதிரி மாத்திக்கினா ஓட்டலாமா மேடம்?” ஓட்டலாம், வரைபடத்தோடு வா, அனுமதிக்கு நான் வழி சொல்கிறேன் என்றேன். அந்த வரைபடம் எங்கே இருக்கிறது? இந்த அலமாரிக்குள் இருக்கிறது. அவனுடைய வண்டிக்கே, அதே பழைய இஞ்சினுக்கே, அளவுகளோடு ஓர் இதழில் வந்திருப்பதாக ஜியாவுல்லா ஐயாதான் சொன்னார்.

யாரது, போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பது? தேடாமலா இருப்பான், தம்பி? போனில் இருப்பதெல்லாம் புது வண்டிக்கு. அவனிடம் இருப்பது அவன் அப்பா ஓட்டிய வண்டி.

ஊன்றுகோலோடு மூன்று முறை வந்து இந்தக் கழகத்தின் படியேறினான். முதல் முறை, பூஜையில் வைத்தது, எடுக்கக் கூடாது என்றீர்கள். அடுத்த முறை, கமிட்டி கூடட்டும் என்றீர்கள். மூன்றாம் முறை, விழா முடியட்டும் என்றீர்கள். செங்கம் வரை போய் இட்லி தின்றுவிட்டு இமயத்துக்குப் போய்வந்ததுபோல் படம் போடுகிற வீரர்களே, ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்ட உங்களுக்கு நல்ல நாள் வேண்டுமா? ஜியாவுல்லா ஐயா என்னிடம் கேட்டார்: “ஓட்றவனுக்குனு தானேமா குடுத்தேன்? கண்ணாடிக்கா குடுத்தேன்?” எனக்கு வெட்கமாக இருந்தது.

சரி, இப்போதே திறக்கிறேன். சாவியைக் கொடுங்கள். தலைவர் செயலாளரைப் பார்க்கிறார். செயலாளர் பொருளாளரைப் பார்க்கிறார். பொருளாளர் மின்விசிறியைப் பார்க்கிறார். பார்த்தீர்களா தாய்மார்களே? தொலைந்திருக்கிறது. தொலைந்ததே இவர்களுக்கு இந்த நிமிடம்தான் தெரிகிறது. திறக்க நினைத்தவனுக்கல்லவா சாவி தேவைப்படும்!

ஒன்று கேட்கிறேன். இதைச் சாமியாக்கிவிட்டீர்கள், நல்லது. இந்த ஊரில் சாமி என்ன செய்யும்? கருவறையிலேயே உட்கார்ந்திருக்குமா? அண்ணாமலையாரே தோளேறிக் கோபுரம் தாண்டி, மலையைச் சுற்றி வருகிறாரே, யாருக்காக? கோயிலுக்கு வர முடியாதவனுக்காக, படுத்த படுக்கையில் கிடப்பவனுக்காக, வாசலிலே நின்று கும்பிடுகிறவனுக்காக. அவருக்கே இல்லாத பெருமை உங்கள் அலமாரிக்கு எதற்கு?

எழுந்திருங்கள். ரிப்பனை அறுத்தெறியுங்கள். தலைவர் முன்பக்கம், செயலாளர் பின்பக்கம், தூக்குங்கள் அலமாரியை. தோளுக்கு வலு இல்லையென்றால் பந்தல்காரருடைய குட்டியானை வேன் வெளியே நிற்கிறது. கிரிவலப் பாதையில் நேரே அடி அண்ணாமலை. சுத்தியல் ஜியாவுல்லா ஐயா கையில் இருக்கிறது, நான்தான் கொண்டுவரச் சொன்னேன். பூட்டை உடைக்கப்போவது அவரில்லை, நானில்லை. எழில் உடைப்பான். அதுதான் இன்றைய திறப்பு விழா.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. திட்டு வாங்கிய கழகத்தாருக்கும் நன்றி. வணக்கத்தை அவன் வாசலில் வைத்துக்கொள்ளலாம். மைக்கை அணையுங்கள், வண்டிகளைக் கிளப்புங்கள்.