முப்பது வரைக்கும் எண்ணு

கொழுந்தன்: …மூணாவது வயரும் மாத்திட்டேன் அண்ணி. அதே பாட்டுதான். "இணைப்பு கிடைக்கவில்லை."

அண்ணி: வயரை மாத்தினியா, இல்ல ஒரே வயரைக் கழட்டிக் கழட்டிச் சொருகினியா?

கொழுந்தன்: என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?

அண்ணி: உங்க அண்ணன் மாதிரியே தெரியுது. அதான் கேட்டேன்.

கொழுந்தன்: கிண்டலை வீட்டுல வெச்சுக்குங்க. லேப்ல இருபத்திநாலு கம்ப்யூட்டர். எல்லாத்துலயும் புது சிஸ்டம் ஏத்தணும். நாளைக்குக் காலையில பரீட்சை. இதுவரைக்கும் ஏறினது நாலு. நெட்வொர்க் உங்க பொறுப்பு, அதான் கூப்பிட்டேன்.

அண்ணி: அந்த நாலு மட்டும் எப்படி ஏறிச்சு?

கொழுந்தன்: சொன்னா சிரிப்பீங்க… கடுப்புல டீ குடிக்கப் போனேன். வந்து மறுபடி அமுக்கினேன். இணைப்பு வந்துடுச்சு.

அண்ணி: நாலு தடவையுமா?

கொழுந்தன்: நாலு டீ.

அண்ணி: அடப்பாவி, இன்னும் இருபது டீயா! தள்ளு, பாக்கலாம். மூணு மணிக்கு நான் பிரின்ஸிபால் ரூம்ல இருக்கணும். அந்தக் கூட்டுற அக்கா விசாரணை.

கொழுந்தன்: …இன்னைக்கா அது?

அண்ணி: இன்னைக்குத்தான். அட்மிஷன் அன்னைக்கு காலேஜ் மொத்தமும் நெட்வொர்க் படுத்துச்சே, ரெண்டு மணி நேரம்… கூட்டும்போது அவங்க ஏதோ வயரைத் தப்பாச் சொருகிட்டாங்க, அதை யாரோ பாத்தாங்கன்னு ரிப்போர்ட்டுல இருக்கு.

கொழுந்தன்: என்ன பண்ணுவாங்க அவங்களை?

அண்ணி: ஒப்பந்த ஆளு. நாளையிலேர்ந்து வராதேம்பாங்க, வேறென்ன. மூணு பிள்ளைங்க… சரி, அமுக்கு நீ.

கொழுந்தன்: அமுக்கிட்டேன். பாருங்க, பாருங்க… மூணே செகண்டு. "கிடைக்கவில்லை"யாம்!

அண்ணி: கையை எடு. சுவத்துல எல்லா வயரும் போய்ச் சேர்ற ஸ்விட்ச் பெட்டி இருக்குல்ல, அதுல இந்தக் கம்ப்யூட்டரோட லைட், பதினோராவது, என்ன கலர்?

கொழுந்தன்: ஆரஞ்சு.

அண்ணி: எண்ணு.

கொழுந்தன்: எதை?

அண்ணி: ஒண்ணு, ரெண்டு, மூணு… அதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா?

கொழுந்தன்: …இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்… ஐயோ, பச்சை! பச்சையாயிடுச்சு அண்ணி!

அண்ணி: இப்ப அமுக்கு.

கொழுந்தன்: வந்துடுச்சு! நான் டீயாலதான் வருதுன்னு…

அண்ணி: உன் இன்ஸ்டாலர் மூணு செகண்டு கதவைத் தட்டிட்டு, வீட்டுல ஆளில்லைன்னு போயிடுது. உள்ள இருக்கறவரு முப்பது செகண்டு கழிச்சுத்தான் கதவைத் திறக்கறாரு. ஆரம்பத்துல, எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஒரு இடத்துல கேக்கும். மூணை அழிச்சுட்டு அறுபதுன்னு போடு. முடிஞ்சுது.

கொழுந்தன்: போன மாசம் இந்தத் தொல்லையே இல்லையே. உடனே திறந்துச்சே!

அண்ணி: அட்மிஷன் நாளுக்கு அப்புறம் நான்தான் இந்த முப்பது செகண்டை வெச்சேன். ஒரே வயரோட ரெண்டு முனையையும் எவனாவது சுவத்துலயே சொருகினா, போன தகவல் திரும்பி வந்து, மறுபடி போய், சுத்திச் சுத்தி மொத்தமும் திணறிப்போகும். அதனால யார் எதைச் சொருகினாலும் அரை நிமிஷம் சந்தேகப்பட்டுட்டுத்தான் ஸ்விட்ச் வழி விடும்.

கொழுந்தன்: ரெண்டு முனையையுமா?

அண்ணி: ஆமா. அடுத்ததை ஆரம்பி.

கொழுந்தன்: அண்ணி… வயர் தொங்கினா அசிங்கமா இருக்கும்ல?

அண்ணி: இருக்கும்.

கொழுந்தன்: தொங்க விடாதேன்னு நீங்களே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க.

அண்ணி: திட்டியிருக்கேன். மேல சொல்லு.

கொழுந்தன்: என் மேசைக்குக் கீழ ஒரு முனை தொங்கிச்சு. காலி ஓட்டை இருந்துச்சு. நல்ல பிள்ளையா எடுத்துச் சொருகினேன். இன்னொரு முனை எங்க இருக்குன்னு… பாக்கல.

அண்ணி: எங்க இருந்துச்சு?

கொழுந்தன்: பக்கத்து ஓட்டையில.

அண்ணி: உனக்கு மாலை போட்டு ஊர்வலமே விடலாம்!

கொழுந்தன்: பயந்துட்டேன் அண்ணி. அன்னைக்குப் பிரின்ஸிபால் கத்தின கத்து அப்படி. அப்புறம் அந்த அக்கான்னு ரிப்போர்ட் வந்துச்சு… வாயை மூடிக்கிட்டேன். இருபது நாளா, அவங்க மேசை துடைக்க வந்தா நான் எழுந்து வெளிய போயிடுறேன். மூஞ்சியைப் பாக்க முடியல.

அண்ணி: …இப்ப என்ன பண்ணப் போற?

கொழுந்தன்: நானும் வரேன். நான்தான்னு சொல்லிடுறேன். வேலை போனா போகட்டும்.

அண்ணி: உங்க அண்ணன் குதிப்பாரு.

கொழுந்தன்: சட்டை பட்டன் அறுந்தாக்கூடத்தான் குதிக்கறாரு. எழுந்திருங்க, மணி மூணாகப் போகுது. உங்களுக்கு ஒண்ணும் வராது. உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிடுறேன்… ஏன் உக்காந்துட்டீங்க?

அண்ணி: எந்த ஓட்டையில கோளாறுன்னு ஸ்விட்ச் நம்பரோட குறிச்சு வெச்சிருக்கும்டா… உன் மேசைன்னு அன்னைக்கு மத்தியானமே பாத்துட்டேன். அந்த அக்கா சொருகினதை யாரும் பாக்கல. பாத்தாங்கன்னு எழுதினது நான்தான். நட, நானும் சொல்றேன்.