ஆறு செவ்வாய்க்கெழம

— ஏங்க்கா, மொத செவ்வாக்கெழம ஆடு மேய்க்க ஆளில்ல, அதான் மக செவந்திய பள்ளிக்கூடம் அனுப்பலன்னீங்க. இன்னைக்கி ஆடே இல்லங்கிறீங்க!

— வித்துட்டோம் டீச்சர்.

— அந்தா கொல்லையில கத்துதே?

— அது… எங்கொழுந்தன் ஆடு.

— நான் டீச்சர் இல்லக்கா! மரிய செல்வி, ஆவூரு. பொம்பளப் புள்ளைக ஏன் படிப்ப விட்டுடுதுன்னு வீடு வீடாக் கேட்டு, சொன்னத சொன்னபடி எழுதணும். அதான் எங்காலேஜுல குடுத்த வேல.

— எழுதுங்க, யாரு வேணாங்கிறா? போன வருசம் சென்சஸுக்கு வந்தவரு நாலே கேள்வியில போயிட்டாரே.

— அவரு தலைய எண்ண வந்தாரு. நான் தலைக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க வந்தேன்!

— மோரு குடிக்கிறீகளா?

— பதிலக் குடுங்க கண்ணாத்தாக்கா! ரெண்டாந் தடவ, பாவாட இல்லன்னீங்க. அப்புறம் கம்மாக்கரையில போகப் பயம்னீங்க. நாலாவது, வாத்தியாரு அடிக்கிறாருன்னீங்க. போய்க் கேட்டேன், அந்த மனுசன் அழுதுட்டாரு.

— அடப் பாவமே.

— அஞ்சாவது, கனவுல அய்யனாரு வந்து வேணான்னாராம்! ஊர்ல நாப்பது வீடு ஒழுங்காப் பேசிருச்சு. ஒங்க ஒரு வீட்டுக்குத் திருமயத்துல பஸ்ஸ விட்டு எறங்கி மூணு மைலு, ஆறு வாட்டி நடந்திருக்கேன். செருப்பு அந்துபோச்சு!

— தச்சுக்கலாம் டீச்சர்.

— இதுல கூத்து என்னன்னா, ரெண்டாந் தடவையிலேருந்து நான் வரும்போதெல்லாம் செவந்தி சிலேட்டத் தூக்கிக்கிட்டு எதுக்க வருது! போற புள்ளைய ஏன் போகலன்னு கேட்டா நாந்தானே கிறுக்கி? போதும். "பதில் இல்லை"ன்னு எழுதி நோட்ட மூடிட்டேன். இனிமே இங்கிட்டு வரமாட்டேன்.

— வரமாட்டீகளா?

— மாட்டேன்.

— சத்தம் போடாதீக. கொல்லையில அவ அப்பா நிக்கிறாக.

— நிக்கட்டுமே.

— செவ்வாக்கெழம நீங்க வருவீக, மெட்ராஸு சர்க்காருக்கு எழுதிப் போட்டுருவீகன்னு பயந்துதான் அன்னைக்கி மட்டும் அவள பள்ளிக்கூடத்துக்கு வெரட்டுறாக. மத்த நாளெல்லாம் ஆட்டுப் பின்னால. மொத நாளே நெசத்தச் சொல்லியிருந்தா நீங்க எழுதிக்கிட்டுப் போயிருப்பீக. எம்மகளுக்கு அஞ்சு நாளு படிப்பு போயிருக்கும்.

— அதுக்கா இத்தன பொய்யி?

— அதான் டீச்சர் மாத்தி மாத்திச் சொன்னேன். கோவிச்சுக்காதீக.

— அண்ணே! கொல்லையில இருக்கீங்களா? ஒங்க வீட்டம்மா சொல்றது ஒண்ணும் சரியா வரல! இனிமே செவ்வாக்கெழமன்னு கெடையாது, என்னைக்கு வருவேன்னு சொல்லவும் மாட்டேன்!