ஒரு ஒயர் மிச்சம்

பழைய பிக்கப் வண்டியில் ரேடியோ மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. முகப்புச் சட்டத்தைப் பக்குவமாக நெம்பி எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். அதற்குப் பின்னால் நாலு திருகாணி, ஒரு கொத்து ஒயர், அவ்வளவுதான். பொறுமையாகச் செய்தால் அரை நாள் வேலை. நான் எந்த வேலையையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை.

என் தங்கை கணவரைப் பற்றித்தானே கேட்டீர்கள், அங்கேதான் வருகிறேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் போனபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண்விழித்தது வரை எல்லாம் நான்தான். கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். கல்லூரி பஸ் பிந்தினால் என் ரேடியோ கடையைச் சாத்திவிட்டு நிறுத்தத்தில் போய் நிற்பேன். தோழிகள் வீட்டுக்கு வந்தால் நானும் கூடத்தில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு தோழிகள் வருவது நின்றுபோனது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு கண்தான். கோபமே வராத மனிதர். கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவருவார். காரணம் இல்லாமல் பழம் வாங்கி வருகிறவரை நான் நம்புவதில்லை. பல்லைக் காட்டுகிறவன் எல்லாம் சொந்தக்காரன் ஆகிவிடுவானா? தங்கை வாராவாரம் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தவள், மாதம் ஒருமுறை வந்தாள், அப்புறம் போனில் மட்டும் பேசினாள். கேட்டால் "வேலை அண்ணா" என்பாள். வேலையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள்.

அவருடைய பிக்கப் வண்டியில் கம்பெனி பொருத்திய ரேடியோ செத்துக் கிடந்தது. பாட்டு வராது, விளக்கு எரியாது. ஆனால் முழுதாகச் சாகவில்லை. அந்த வகை வண்டியில் கதவு மணியும் ரேடியோ வழியாகத்தான் வரும். என்ஜின் ஓடும்போது ஓட்டுநர் கதவைத் திறந்தால் டிங் டிங் என்று ஆரம்பிக்கும். கதவை மூடும்வரை ஓயாது. மாப்பிள்ளை அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். "எனக்கு மாமியார் இல்லாத குறைய இதுதான் தீர்க்குது மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் மறதிக்காரர். இறங்கும்போது கைபிரேக் போட மறந்துவிடுவார். மணி அடிக்கும். "வந்துட்டேன் அத்தை" என்று உள்ளே குனிந்து பிரேக்கை இழுப்பார். என் கடை வாசலிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். காது கேட்டால்தான் அவருக்குக் கை வேலை செய்யும்.

அன்றைக்கும் ஆரஞ்சோடுதான் வந்தார்.

"மச்சான், புதுசா ஒரு செட்டு மாட்டிக் குடுங்க. போன் பேசுற மாதிரி இருக்கணும். இனிமே தூரம் ஜாஸ்தி."

"எவ்வளவு தூரம்?"

"அவ சொல்லலையா? அடுத்த மாசம் குடிபோறோம். பண்ணைக்குப் பெரிய இடம் கிடைச்சிருக்கு. இங்க வந்து போகணும்னா அரை நாள் ஓட்டணும். பாட்டு இல்லாம முடியுமா?"

அவள் சொல்லவில்லை. சொல்ல விட்டிருக்க மாட்டார் என்று அப்போதே புரிந்துகொண்டேன். "நீங்க எப்ப வேணும்னாலும் வந்து இருக்கலாம் மச்சான்" என்று ஒரு பழத்தை உரித்து நீட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாங்கித் தின்றேன். புளித்தது.

"கீழ் கேட்ட இன்னும் இறங்கித்தான் திறக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. தானா திறக்குற கேட்டு போட நான் என்ன ராஜாவா?"

அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது. காலையில் செடிகளை ஏற்றிக்கொண்டு கீழே வருவார். கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்த் தாழ்ப்பாளைத் தூக்குவார். லேசான சரிவுதான். அங்கே கைபிரேக் போடாமல் நிற்கும் வண்டி உடனே நகராது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். கேட்டைப் பற்றிச் சும்மா பேச்சுக்குக் கேட்டதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது ரேடியோவில் கதவு மணி கிடையாது. அதற்குத் தனியாகக் கட்டைவிரல் அளவு மணிப்பெட்டி ஒன்று வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். என் மேசை இழுப்பறையில் அது எப்போதும் இருக்கும், அன்றும் இருந்தது. நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. வேலை முடிந்தபோது ஒரு ஒயர் மிச்சம் இருந்தது. முனையில் டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். நீங்கள் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். சுத்தமாகச் சுற்றியிருப்பேன்.

மாலையில் வண்டியை எடுக்க வந்தவர் என்ஜினைப் போட்டார், பாட்டு வைத்தார், குழந்தை மாதிரி மகிழ்ந்துபோனார். எனக்கு நன்றி சொல்ல மறுபடியும் கதவைத் திறந்தவர் சட்டென்று நின்றார்.

"என்ன மச்சான், மாமியாரக் காணோம்?"

"புது செட்டு இல்லையா. மணி செட் ஆக ரெண்டு நாள் ஆகும். தானா வந்துடும்."

"அப்ப ரெண்டு நாளைக்கு எனக்கு விடுதலை" என்று சிரித்தார்.

அவர் என் வார்த்தையை நம்பினார். நம்புகிறவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அதனால்தான் நான் யாரையும் நம்புவதில்லை.

மறுநாள் காலையே நடந்துவிட்டது. வண்டி நிறைய செடி, பின்னால் அவ்வளவு பாரம். அவர் தாழ்ப்பாளில் கைவைத்து நின்றிருக்கிறார், முதுகுக்குப் பின்னால் வண்டி வந்து அவரைக் கேட்டோடு சேர்த்து நசுக்கியிருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது மேலே தங்கைக்குக் கேட்கவில்லையாம். நான் நல்ல ஸ்பீக்கராகப் போட்டிருந்தேன்.

அவருடைய மறதி ஊரறிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் விபத்து என்றுதான் எழுதினீர்கள்.

தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவளுடைய பழைய அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஆனால் அவள் என்னிடம் சொல்லாமல் கிளம்பி எங்கெங்கோ நடந்துவிட்டு வந்தாள். யாரைப் பார்க்கிறாள், எதற்குப் போகிறாள் என்று தெரிய வேண்டாமா? காலம் கெட்டுக் கிடக்கிறது. கழற்றிய ரேடியோ கடையில் சும்மா கிடந்தது. மணி மட்டும் நன்றாக இருந்ததே. அலமாரிக்குப் பின்னால் வைத்து, ஒரு பேட்டரி கொடுத்து, அவள் அறைக் கதவோடு இணைத்தேன். பாதுகாப்புக்குத்தான்.

முதல் தடவை அது அடித்தபோது அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கதவை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, இது எங்க வண்டி மணிதானே?"

"பழசும்மா. வீணாக் கிடந்துச்சு."

"ரெண்டு நாள்ல தானா வந்துடும்னு நீங்க சொன்னதா அவரு சொன்னாரே. இது இங்க இருந்தா அங்க எப்படி வரும்?"

நான் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் அழவில்லை.

"இங்கேர்ந்து போயிடலாம்னு சொன்னது அவரு இல்லண்ணா. நான்தான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. உங்கள விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கேட்டாரு."

அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே பாடம் நடத்தியிருப்பார்.

அவள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். வரட்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம் என்பதுதான். மணி அடிக்காது, அவர் பிரேக் போட மாட்டார், வண்டி நகரும், எல்லாம் தெரிந்துதான் சாவியைக் கையில் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. போகும்போது அவள் அறைக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போய்விட்டாள். யாரையாவது அனுப்பி மூடச் சொல்லுங்கள். இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும், அவள் திரும்பி வருவது எனக்குத் தெரியாமல் போய்விடும்.